சமையலறைக்கு அடியில் பக்கத்து வீட்டுக் குழாய்: பின்னர் அனுமதி கேட்பதா, சுவரைப் பின்னிழுப்பதா, குழாயை மாற்றுவதா?

அக்காவும் அத்தானும் சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் வாங்கிய பழைய வரிசை வீட்டின் சமையலறையில், கிரைண்டர் நிற்கும் மூலையில், தரையோடு தரையாக இரண்டடிச் சதுரத்தில் ஓர் உலோகச் சட்டம் பதிந்திருக்கிறது. சுற்றிலும் உள்ள அதே பழுப்பு ஓடுகளைச் சட்டத்துக்குள்ளும் ஒட்டியிருந்ததால் வீட்டைப் பார்க்க வந்தபோது அது யார் கண்ணிலும் படவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம், அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தச் சட்டத்தின் ஓரத்தில் நீர் கசிந்து வாடை அடித்தது. வந்த பிளம்பர் கிரைண்டரை நகர்த்தி, இரண்டு கொக்கிகளை மாட்டி மூடியைத் தூக்கினார். அது கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல். வீட்டை விற்றவர் எப்போதோ சமையலறையைப் பின்வேலி வரை நீட்டியபோது, அதையும் உள்ளே சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறார். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த இடம் திறந்த பின்முற்றமாகவே இருக்கிறது.

கட்டட வரைபடம் வரைவது என் பிழைப்பு என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. கட்டியதற்கு இப்போது அனுமதி கேட்கலாமா, பாதியை இடித்துவிட்டு மீதிக்குக் கேட்கலாமா, குழாயையே வேறு பக்கம் திருப்பலாமா, அல்லது இத்தனை ஆண்டுகள் இருந்ததுபோல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா? நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குப் பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் தரைவீட்டுக் (அடுக்குமாடியில் அல்லாமல் நிலத்தோடு கூடிய வீட்டுக்) குடும்பங்கள் நம்மவர்களில் சில உண்டு என்பதை நான் அறிவேன். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கட்டடக் கலைஞரைத் தேடிப் போகிறார்கள். முதல் காசைக் குழாயைக் கண்டறிவதற்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் கீழே ஓடுவது இன்ன குழாய் என்று தெரியாமல் மேற்சொன்ன நான்கில் எதையும் ஒப்பிடவே முடியாது.

சிங்கப்பூரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஆகவே ‘பொதுக் கால்வாய்மேல் கட்டிவிட்டோம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும் விஷயத்துக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, பல வீடுகளின் கழிவுநீரைச் சேர்த்துக் கொண்டுபோகும் பொதுக் கழிவுநீர்க் குழாய். இது தனியார் நிலத்துக்குள் சென்றாலும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் சொத்து, பராமரிப்பும் அவர்களுடையது. இரண்டாவது, அந்தக் குழாயில் போய்ச் சேரும் வரை ஒரு வீட்டின் கழிவுநீரை மட்டும் ஏந்திச் செல்லும் சொந்தக் குழாய். இதற்கு வீட்டுக்காரரே பொறுப்பு. மூன்றாவது, பின்வேலி ஓரமாகத் திறந்தோ மூடியோ ஓடி, பல வீடுகளின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் வடிகால். முதலாவதன்மேல் சுவர் நிற்பதும், இரண்டாவதன்மேல் நிற்பதும், மூன்றாவதன்மேல் சிமென்ட் பலகை போட்டு மூடியிருப்பதும் ஒரே குற்றமுமல்ல, ஒரே தீர்வுக்கு உரியவையுமல்ல. சொந்தக் குழாய் மட்டும்தான் என்றால், உரிமம் பெற்ற பிளம்பரையும் ஒரு நிபுணரையும் வைத்துச் சீர்செய்துவிடக்கூடிய எளிய வேலை அது. பொதுக் கழிவுநீர்க் குழாய் என்றால், கழிவுநீர், வடிகால் சட்டத்தின்படி கழகத்தின் ஒப்புதலின்றி அதன் மேலோ அதற்கு மிக அருகிலோ எதையும் எழுப்பியிருக்கவே கூடாது.

பழைய குடியிருப்புகளில் குழாய் ஏன் வீட்டின் பின்புறமாகவே ஓடுகிறது என்று அத்தான் கேட்டார். சமையலறையும் கழிவறையும் பின்பக்கம் இருந்த காலத்து வீடுகள் அவை. குழாயும் அவற்றைத் தேடிப் பின்பக்கமே போனது. இந்தத் தீவில் வாளியில் மலம் அள்ளும் முறை முற்றாக ஒழிந்ததே 1987இல்தான் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

எந்தக் குழாய் என்று அறிவதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் செய்வது நல்லது. கழகத்திடம் கட்டணம் செலுத்தினால், கழிவுநீர்க் குழாய்கள் செல்லும் வழியைக் காட்டும் வரைபடமும், வடிகால்களுக்கும் அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்குமான வரைபடமும் தனித்தனியே கிடைக்கும். கட்டட, கட்டுமான ஆணையத்திடமிருந்து வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பழைய வரைபடத்தின் நகலையும் வாங்கிவிட வேண்டும். சட்டவிரோதம் என்று பயந்துகொண்டிருக்கும் நீட்டிப்பு, 1970களிலேயே முறையாக அனுமதி பெற்றுக் கட்டப்பட்டது என்று தெரியவரும் வீடுகளும் இருக்கின்றன. மூன்றாவது, நேரில் சோதிப்பது. அக்கா வீட்டில் பிளம்பர் பச்சைச் சாயத்தை ஒரு குவளையில் கரைத்து, மேட்டுப் பக்கத்து வீட்டின் கழிவறையில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். நான் சமையலறையில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு மேன்ஹோலுக்குள் குனிந்து பார்த்தபடி இருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இடப்பக்கக் குழாய் வாயிலிருந்து பச்சைக் கோடு ஒன்று வழிந்து, நடுவிலிருந்த வாய்க்காலில் கலந்து, சமையலறைப் பின்சுவரின் அடித்தளத்துக்கு ஒரு சாண் அருகில் தாழ்பக்கத்து வீட்டை நோக்கிப் போனது. அந்தச் சாயம் சொன்னதை அதற்குப் பிறகு வாங்கிய வரைபடமும் உறுதிப்படுத்தியது: பொதுக் குழாய், தொடர்ந்து மூன்று வீடுகள் அதைப் பயன்படுத்துகின்றன.

அதே நேரத்தில் இன்னொரு பிழையும் வெளிப்பட்டது. நீட்டிய பகுதியில் வைத்திருந்த பாத்திரம் கழுவும் தொட்டியின் நீர், கழிவுநீர்க் குழாய்க்குப் போகாமல் வேலியோர மழைநீர் வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது. அனுமதியற்ற நீட்டிப்புகளில் இது அடிக்கடி காணப்படும் குறை. இந்நாட்டு நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் விழுவது கடைசியில் நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேருகிறது. மற்ற முடிவுகள் எப்படியானாலும், இதை மட்டும் அந்த வாரமே மாற்றிவிடச் சொன்னேன்.

இனி, பின்னர் அனுமதி கேட்பதைப் பற்றி. இந்தச் சொல்லைக் கேட்கும்போது ஏதோ ஒரு படிவம், ஒரு கட்டணம், ஒரு முத்திரை என்று தோன்றுகிறது. உண்மையில் மூன்று வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. எவ்வளவு பரப்புக் கூடியது, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பவற்றை நகர மறுசீரமைப்பு ஆணையம் பார்க்கிறது. கட்டமைப்பு தாங்குமா என்பது கட்டட, கட்டுமான ஆணையத்தின் அக்கறை. தொழில்முறைப் பொறியாளர் ஒருவர் கட்டியதை ஆய்ந்து, தம் கையெழுத்தால் அதற்குப் பொறுப்பேற்றாக வேண்டும். குழாய்க்கும் வடிகாலுக்கும் பாதகம் உண்டா என்பதைப் பொதுப் பயனீட்டுக் கழகம் பார்க்கிறது. ஒரு வாசலில் ‘சரி’ என்றதை அடுத்த வாசலில் காட்டி உள்ளே நுழைந்துவிட முடியாது. விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தேவை. வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்துவிட முடியாது. அனுமதி கிடைத்தாலும், அனுமதியின்றிக் கட்டிய குற்றம் தானாக மறைந்துவிடாது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். திட்டமிடல் சட்டத்தின்கீழ் அதற்கு 200,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

இருப்பதை இருக்கிறபடியே முறைப்படுத்துவதற்கு வாய்ப்பு எவ்வளவு? சொந்தக் குழாய்மேல் மட்டும் நிற்கும் நீட்டிப்புக்கும், வடிகாலை அடைக்காமல் அதன்மேல் கழற்றக்கூடிய மூடி மட்டும் போட்டிருக்கும் முற்றத்துக்கும் இது முயன்று பார்க்கத் தக்க வழி. பொதுக் கழிவுநீர்க் குழாயின்மேல் அடித்தளம் இறங்கியிருந்தால் இதில் பணத்தைப் போட நான் சொல்லமாட்டேன். குழாயின் இரு பக்கமும் விடவேண்டிய இடைவெளி அதன் ஆழத்தையும் விட்டத்தையும் பொறுத்து விதிக்கப்படுகிறது. அந்த இடைவெளி யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து கற்பனையாகப் போட்ட கோடு அல்ல. பழைய குழாய்களில் பல, சுட்ட களிமண்ணால் ஆனவை. மேலே சுவரின் பாரம் ஏறினால் இணைப்புகள் விலகும். விலகிய இடத்தில் மண் உள்ளே சரியும். மண் சரிந்த இடம் மேலே குழிந்து, கடைசியில் சுவரே விரிசல்விடும். பழுது பார்க்க வருபவர் தோண்டுவதற்கு இடமும், மேன்ஹோலுக்குள் கருவியை இறக்குவதற்கு வழியும் வேண்டும். கிரைண்டரை நகர்த்தி, ஓடு பதித்த மூடியைக் கடப்பாரையால் நெம்பி, முறுக்கு மாவு சிதறிய தரையில் குழாய்ச்சுருளை விரிக்கும் நிலை ஒரு நாள் வேடிக்கையாக இருக்கலாம். நள்ளிரவில் மூன்று வீடுகளின் கழிவு பின்வாங்கி வரும்போது வேடிக்கையாக இராது.

இந்த வழிக்கு இன்னொரு தடையும் உண்டு. தரைவீடுகளுக்குப் பின் எல்லையிலிருந்து 2 மீட்டர் இடம் விடுவது வழக்கமான விதி. அக்கா வீட்டு நீட்டிப்பு வேலியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆகவே குழாய் விஷயத்தில் கழகம் மனமிரங்கினாலும், எல்லை விஷயத்தில் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் மறுபடியும் நிற்க வேண்டும். ‘இவ்வளவு காலம் யாரும் கேட்கவில்லையே’ என்ற வாதம் அங்கே எடுபடாது. நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டால் நடவடிக்கை எடுக்க முடியாது என்று எங்கோ படித்ததாக அத்தான் சொன்னார். அது இங்கிலாந்தின் திட்டமிடல் சட்டத்துக்கு உரிய விதி; அங்கேயே 2024 ஏப்ரலில் அதைப் பத்து ஆண்டுகளாக மாற்றிவிட்டார்கள். குழாய்மேல் கட்டிக்கொள்ள நீர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கமும், பகிர்வுக் குழாய்கள் 2011 அக்டோபரில் அந்நிறுவனங்களின் கைக்கு மாறியதும் அவ்வூர்க் கதைகளே. ஆங்கிலத்தில் தேடினால் அந்த ஊர் விவரங்களே முதலில் வந்து நிற்பதால், இவற்றை வைத்து இங்கே கணக்குப் போடுபவர்கள் ஏமாறுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் சுவரைப் பின்னிழுக்கும் வழி தன் பலத்தைக் காட்டுகிறது. குழாய் ஓடுவது பின் எல்லைக்கு அருகில். விதி காலியாக விடச் சொல்வதும் பின் எல்லையை ஒட்டிய பட்டை. பல வீடுகளில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே நிலம். எனவே அந்தப் பட்டையில் நிற்பதை மட்டும் இடித்து, புதிய பின்சுவரைக் குழாயின் பாதுகாப்பு இடைவெளிக்கு வெளியே எழுப்பிக்கொண்டு, எஞ்சிய பகுதிக்கு அனுமதி கேட்டால், இரண்டு ஆணையங்களின் முக்கிய ஆட்சேபம் ஒரே இடிப்பில் தீர்ந்துவிடுகிறது. விண்ணப்பமும் ‘கட்டியதை மன்னியுங்கள்’ என்ற தொனியிலிருந்து, ‘விதிப்படி சேர்க்கையும் மாற்றமும் செய்கிறோம்’ என்ற வகைக்கு வந்துவிடுகிறது. கூடும் தரைப்பரப்பு, ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட பரப்பில் பாதியைத் தாண்டாதவரை அது சேர்க்கை, மாற்றப் பணி என்ற வகைக்குள் நிற்கும்; ஒரு சமையலறை அதைத் தாண்டுவது அரிது. இழப்பும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆறு மீட்டர் அகல வீட்டில் இரண்டு மீட்டர் ஆழத்தை இழப்பது என்பது பன்னிரண்டு சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய படுக்கையறை அளவு. இடிப்பின்போது குழாய் சேதமடைந்தால் அந்தப் பொறுப்பும் உரிமையாளர் தலையில்தான் விழும். ஆகவே வேலைக்கு முன்னும் பின்னும் குழாய்க்குள் கேமரா விட்டுப் பதிவுசெய்து வைப்பதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இயந்திரச் சுத்தியலைக் குழாய்க்கு மேல் நிறுத்தி அடித்து நொறுக்கும் குத்தகைக்காரரைவிட, அடித்தளத்தைத் துண்டு துண்டாக அறுத்தெடுக்க ஒப்புக்கொள்பவர் கூடுதலாகக் கேட்டாலும் அவருக்குக் கொடுப்பதே லாபம்.

குழாயைத் திருப்பிவிடும் யோசனை அத்தானுக்கு மிகவும் பிடித்திருந்தது. சமையலறை ஓர் அங்குலம்கூடக் குறையாதே! ஆனால் கழிவுநீர் தானாகச் சரிவில் ஓட வேண்டிய நீர். மேட்டுப் பக்கத்து வீட்டில் குழாய் வெளியேறும் மட்டமும், தாழ்பக்கத்து வீட்டில் நுழையும் மட்டமும் மாறா. இடையில் உள்ள வழியை மட்டுமே நாம் நீட்டுகிறோம். ஆறு மீட்டர் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் சரிவு அறுபதுக்கு ஒன்று. சமையலறையைச் சுற்றிப் போக இரண்டு மீட்டர் உள்ளே வந்து, இரண்டு மீட்டர் வெளியே போனால் நீளம் பத்து மீட்டர். இறக்கம் அதே பத்து சென்டிமீட்டர். சரிவு நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, வழி திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் மேன்ஹோல் வேண்டும். திருப்பம் கூடும்தோறும் எண்ணெயும் துணியும் தங்கும் மூலைகளும் கூடும். புதிய வழி, வீட்டின் நடுவில், சாப்பாட்டு அறைக்கு அடியில் போக நேரலாம். அப்படியானால் அதுவும் கட்டடத்துக்கு அடியில்தான், முதல் சிக்கலே வேறு அறைக்குக் குடிபெயர்ந்ததுபோல் ஆகிவிடும். செலவு முழுவதும் கேட்பவருடையது, கழகத்தின் ஒப்புதலும் வேண்டும், வேலை நடக்கும் நாட்களில் மேட்டுப் பக்கத்தாரின் கழிவுக்கு மாற்று ஏற்பாடும் செய்ய வேண்டும். மூலை வீடாக இருந்து பக்கவாட்டில் திறந்த நிலம் இருந்தால் இது யோசிக்கத் தக்கது. நடு வீட்டுக்கு இது பொருந்தாது என்றே நினைக்கிறேன். வேலியோர மழைநீர் வடிகால் மட்டும் குறுக்கே நின்றால் கதை வேறு: ஆழம் குறைவு, மண்ணுக்குள் போக வேண்டியதில்லை, திருப்புவது எளிது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஊரில் அதன் அகலத்தை மட்டும் குறைத்துவிடக் கூடாது. குறைத்தால் பக்கத்து வீட்டு முற்றத்தில் நீர் நிற்கும், மறுநாள் கொசு ஒழிப்பு அதிகாரி வாசலில் நிற்பார்.

பேசாமல் விட்டுவிடுவது நான்காவது வழி. உண்மையில் இதைத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள், அதைத் தேர்வு என்று சொல்லிக்கொள்ளாமலே. ஆனால் இந்த விஷயம் வெளிவரும் வேளையை நாம் தீர்மானிப்பதில்லை. குழாய் அடைத்துக்கொண்டு கழகத்தின் ஆட்கள் மேன்ஹோலைத் தேடி வரும்போது வெளிவரலாம். பழைய கழிவுநீர்க் குழாய்களுக்கு உட்பூச்சுப் போட்டுப் புதுப்பிக்கும் திட்டம் நம் தெருவுக்கு வரும்போது வெளிவரலாம். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் ஒவ்வோர் ஆணையத்துக்கும் எழுதிக் கேட்பார், அவருடைய அளவையாளர் பழைய வரைபடத்தோடு வீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார், அப்போதும் வெளிவரலாம். கட்டியவர் முன்னாள் உரிமையாளர் என்பது உண்மைதான். ஆனால் அகற்றச் சொல்லும் உத்தரவு, வீடு இன்று யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வரும். விற்கப்போகிறவர்கள் குறையைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டு விற்கலாம், அதில் நேர்மைக் குறைவு எதுவுமில்லை. ஆனால் வாங்குபவர் குறைக்கச் சொல்லும் தொகை, சுவரைப் பின்னிழுக்க ஆகும் செலவைவிடப் பெரிதாக இருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும். தெரியாத செலவுக்கு யாரும் தாராளமாகத்தான் மதிப்புப் போடுவார்கள். முழு நீட்டிப்பையும் இடித்துப் பழைய முற்றமாக்கிவிடுவது, இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வீட்டையே இடித்துக் கட்டும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஏற்றது. மற்றவர்களுக்கு அது தேவைக்கு மீறியது.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த வழியானாலும் மேட்டுப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டுக் கழிவறை நம் சமையலறையை நம்பி இருக்கிறது. சாயச் சோதனைக்கு அனுமதித்த அந்த முதிய சீனர், தம் வீட்டில் மூன்று ஆண்டுகளாக மழை நாட்களில் தண்ணீர் மெதுவாக இறங்கியதன் காரணம் இப்போதுதான் விளங்கியது என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்காதவர்களும் இருப்பார்கள், பேச்சு முற்றினால், வழக்குக்குப் போகும் முன் சமூக மத்தியஸ்த நிலையத்தை நாடலாம்.

அக்கா கடைசியில் சுவரைப் பின்னிழுப்பது என்று தீர்மானித்தார். அடுப்பும் தொட்டியும் எஞ்சிய சமையலறைக்குள் வந்துவிடும். பின்பட்டை வானம் பார்த்த முற்றமாகும். மேன்ஹோலின் ஓடு பதித்த மூடியை எடுத்துவிட்டு, யார் வந்தாலும் உடனே கண்டுகொள்ளும் சாதாரண இரும்பு மூடி போடப்படும். கேமராப் பதிவு முடிந்துவிட்டது. கட்டடக் கலைஞர் வரைபடத்தைத் தயார்செய்துகொண்டிருக்கிறார். கிரைண்டரை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அக்காவுக்கும் அத்தானுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.